மூன்றாம் மாடிக் கயிறு

மணி மூன்று தரம் ஒலிக்கவே பவுனம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு மூன்றாம் மாடி முகப்புக்கு விரைந்தாள். கடைச் சாமானுக்காக ரங்கூன் மாடிவீட்டுக்காரர் எவரும் படியிறங்குவதில்லை. முகப்பிலிருந்து தெருவரை தொங்கும் கயிற்றின் கொக்கியில் கடைக்காரர் பையை மாட்டி இழுத்தால், மேலே மணி அடிக்கும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுத் தடின்ஜு விளக்குத் திருவிழாப் பௌர்ணமி. அந்தியிலேயே மின்சாரம் போயிருந்தது. ஆயினும் விண்ணுலகிலிருந்து இறங்கிவரும் புத்தரை வரவேற்கத் தெருவெங்கும் மெழுகுவத்திகளும் காகித விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. தன் முகப்பு மட்டும் இருண்டு கிடப்பது பவுனம்மாளுக்குப் பிடிப்பதில்லை. கீழ்க்கடை ஷம்சுதீனிடம் ஒரு கட்டு மெழுகுவத்தி கேட்டிருந்தாள்.

கயிறு கனத்தது. பையை இரு கையாலும் வாங்கி அணைத்தபின்பே உள்ளே பார்த்தாள். சிவப்புக் காகித விளக்கொன்று. அதன் கீழே துவாலை, பிஸ்கட் டப்பா, ஒரு சீப்பு வாழைப்பழம். கடோப் பொருள்கள்! இந்நாளில் இளையோர் பெரியோரை வணங்கி, பிழை பொறுக்க வேண்டி அளிப்பவை. பெரியவர் கைநீட்டி வாங்கிவிட்டால் பொறுத்ததாகவே பொருள்.

எட்டிப் பார்த்தாள். மழையில் நனைந்த நடைபாதையில் பாய் விரித்து, மகள் விஜயகுமாரியும் அவள் கணவன் கோ தெய்னும் நெற்றி தரையில் பட வணங்கியிருந்தனர். பர்மியனை மணந்த மகளுக்கு நான்கு ஆண்டுகளாக இவ்வீட்டின் இரும்புக்கதவு திறக்கவில்லை. கடந்த மூன்று தடின்ஜுவுக்கும் படியேறி வந்து, கொண்டுவந்ததை அப்படியே திருப்பி எடுத்துச் சென்றவள் அவள்.

"ரெண்டு கையாலயும் வாங்கிட்டீங்க பவுனக்கா! நான் பாத்தேன்!" என்று இரண்டாம் மாடி ஹாஜரா கூவினாள்.

"மெழுகுவத்தின்னுல்லடி நெனச்சேன்!"

"நீங்க நெனச்சத யாரு கண்டா? வாங்குனதத்தான் தெருவே பாத்துச்சு."

பவுனம்மாள் பையை மறுபடியும் கொக்கியில் மாட்டினாள். இறக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கயிற்றைப் பிடித்த கை தளரவில்லை. மேலிருந்து மகளின் வகிடு மட்டுமே தெரிந்தது. கோணல் வகிடு, சிறு வயது முதலே அவளுக்கு நேராக எடுக்க வராது.

அப்போது மருமகன் தலைநிமிர்ந்து, மனப்பாடம் செய்த தமிழில் உரக்கக் கேட்டான்: "அம்மா! சோறு சாப்டாச்சா?"

தெரு சிரித்தது. பவுனம்மாளும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"மன்னிப்புக் கேக்க வந்த ஆளு கேக்கற கேள்வியப் பாரு," என்றாள், ஹாஜராவிடம் சொல்வதுபோல. பிறகு குரலை உயர்த்தி, "ஏய் விஜயா, எந்திரிடி. ஈரத்துல எம்புட்டு நேரம் கெடப்ப?"

பையைக் கழற்றி உள்ளே வைத்தாள். இடுப்பிற் செருகியிருந்த இரும்புக்கதவுச் சாவியைக் கொக்கியில் மாட்டிக் கயிற்றை விட்டாள். ஹாஜராவின் முகப்பில் வரிசையாக எரிந்த சுடர்களைத் தாண்டுகையில் சாவி ஒருகணம் பொன்னாய் மின்னிற்று. பின் சுழன்று சுழன்று, அண்ணாந்த முகங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.