பதினேழு மன்னிப்புக் கடிதங்கள்

இருபத்தாறு வருஷம் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வாதாடியதில், தக் இன்சூ வக்கீலுக்கு முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் நாலாவது மாடியில் அலுவலகம். அவரும் குமாஸ்தா மா அம்மாளும் தவிர வேறு ஈ காக்கை கிடையாது.

அன்று மா அம்மாள் மேல்முறையீட்டுக் கட்டைப் பொத்தென்று மேசையில் போட்டார். "நம்ம போங் தேஹோ நீதிபதிக்குப் பதினேழு மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்காரு. பாருங்க கூத்தை."

லாரி ஓட்டும் போங், கிடங்கில் செம்புக் கம்பி திருடினார் என்று கீழ்க்கோர்ட்டு பத்து மாசம் போட்டிருந்தது. திருட்டு நடந்த அதே நேரத்தில் போங்கின் லாரி எங்கோ தொலைவில் தேஜான் சுங்கச்சாவடியைத் தாண்டிய படத்தை, படாத பாடு பட்டுத் தக் தேடிப் பிடித்திருந்தார். படத்தில் முகம் பாதிதான் தெரிந்தது. ஆனாலும் இவ்வளவு நல்ல வழக்கு அவர் கைக்கு வந்து பல வருஷமாயிற்று.

சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போங் பவ்யமாக உட்கார்ந்திருந்தார்.

"செய்யாத திருட்டுக்கு எதுக்குய்யா மன்னிப்பு?"

"எங்க அறையில எல்லாரும் எழுதறாங்க வக்கீலய்யா. எழுதலேன்னா திமிர் புடிச்சவன்னு நீதிபதி நெனைப்பாராம். கூட இருக்கற சோக் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். தினம் ஒண்ணு எழுது, சாக்கு சொல்லாத, அம்மாவப் பத்தி ரெண்டாம் பக்கத்துல எழுதுன்னாரு. அவர் கேஸ்ல அவருக்கு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாமே?"

தக்கின் சொற்களேதான். திருடியவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காக அவர் ஒப்பித்த பாடம் அது. தன் மேலேயே அவருக்கு வெறுப்பாக வந்தது.

விசாரணையில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "திருடலைன்னு நீங்க சொல்றீங்க. திருடினேன்னு அவர் பதினேழு தடவ எழுதியிருக்கார். நான் யார நம்பறது?"

"அந்த வார்த்தைங்க என்னோடதுங்க," என்றார் தக். "செஞ்சவங்களுக்காக நான் பழக்கிவிட்டது. செய்யாதவர் கையில போய்ச் சேந்துடுச்சு."

நீதிபதி போங்கைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

இல்லை என்று சொல்லி நீதிபதி நம்பாவிட்டால், மிச்ச ஆறு மாசமும் உள்ளேதான். ஆமாம் என்று மன்னிப்புக் கேட்டால், திருந்திவிட்டார் என்று தண்டனையை நிறுத்திவைப்பார்கள், வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஆயுசுக்கும் திருடன். போங் தக்கின் பக்கம் திரும்பவே இல்லை.

"தப்பு செஞ்சுட்டேன் ஐயா. மன்னிச்சுடுங்க."

மூன்று வாரம் கழித்துத் தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பினார்கள். சிறை வாசலில் போங்கின் அம்மா, விடுதலையானவர் இனித் தப்பு செய்யாமலிருக்க ஊட்டும் வழக்கப்படி, வெள்ளைத் தோஃபுக் கட்டியை மகன் வாயில் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். போங் இடுப்பு வளையக் கும்பிட்டார்.

"உச்ச நீதிமன்றத்துக்குப் போலாம்," என்றார் தக். "ஏழு நாள் இருக்கு."

"வேணாம் வக்கீலய்யா. அலுத்துப்போச்சு."

அம்மா குறுக்கே வந்தார். "எனக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தான். அழுதுகிட்டேதான் படிச்சேன். திருடினாலும் பெத்த புள்ள ஆச்சே, மன்னிச்சுட்டேன்."

"அவர் திருடலம்மா. எனக்கு நல்லாத் தெரியும்."

அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தார். "நீங்க வக்கீலு, அப்படித்தானே சொல்லணும்."

போங் தலையைக் குனிந்தபடி தோஃபுவை மென்றுகொண்டிருந்தார்.