செம்பின் ஐந்தாவது கை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீலக் கல்லுக்காக ஒருத்தி நடுங்கிய கதை சொல்கிறேன். கடுகளவுகூட இல்லாத கல்.

அக்காவின் கண்களை மூடிய கையை நோல்ஃபா இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். பெரியம்மா ஓத்திலியா தொடங்கிவிட்டாள். கெட்டில், பூச்சாடி, நாயின் கிண்ணம் எல்லாம் காலியாகிக்கொண்டிருந்தன.

உயிர் போன வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் ஈரம் தங்கக் கூடாது. கிளம்பும் ஆத்மா அதில் விழுந்துவிட்டால் வெளியே வரத் தெரியாதாம். மலையை விட்டுக் கடலோர ஊரான அந்தோஃபகாஸ்தாவுக்கு இறங்கிவந்த அந்தக் குடும்பம் எதையெதையோ விட்டது, இதை விடவில்லை. அம்மா செத்தபோது ஒரு பானையை மறந்துவிட்டார்கள். அதன் மூடி தானாக நடுங்கியதை நோல்ஃபா காதால் கேட்டிருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பின்னால், அக்காவின் குப்பி இருக்கிறது.

அக்கா எர்மிந்தா பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியை. படுத்த படுக்கையான பிறகு குப்பியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டாள். அதற்குள் இருந்த தண்ணீரில் செம்பின் சேர்மம் ஒன்று நீலப் படிகமாக, கல்போல வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் அதைத் தங்கைக்குக் காட்டினாள்.

"நடுவுல செம்பு. நாலு பக்கமும் நைட்ரஜன் இறுக்கிப் பிடிச்சிருக்கு. மேலேருந்து அஞ்சாவது கையா தண்ணி ஒண்ணு தொட்டுக்கிட்டிருக்குன்னு நான் சொல்றேன். மத்தவங்க கிடையாதுங்கிறாங்க. எக்ஸ்-ரேயில வச்சாத் தெரிஞ்சிடும். ஆட்டிடாதடி, இதுக்கு முன்னால வந்ததெல்லாம் தூளாப் போச்சு."

"அதைப் பாத்தாலே பயமா இருக்குக்கா."

"சாகப்போறவ நானு, நீ குப்பிக்குப் பயப்படுறியா? நல்லா வாய்ச்சடி எனக்குத் தங்கச்சி!"

இப்போது பெரியம்மா அலமாரிக்கு வந்துவிட்டாள். நோல்ஃபா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"மேல என்னடி?"

"மாவு, பெரியம்மா."

"மாவுக்குப் பின்னால?"

"மருந்து."

"தண்ணி மருந்தா?" பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "பொய் சொல்ற மூஞ்சியப் பாரு. உங்கக்கா போக வழியில்லாம இங்கேயே கிடக்கட்டுங்கிறியா?"

நோல்ஃபாவே குப்பியை எடுத்தாள். அதைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தால் அக்காவின் உழைப்பு போகும். கவிழ்க்காவிட்டால் அக்கா போகமாட்டாள். கை நடுங்கியது. நடுங்கினால் கல் உடையும். உள்ளே நீலமாக ஒரு புள்ளி மினுங்கியது.

குப்பியின் மூடியில் தண்ணீர் மெல்ல ஆவியாக ஊசித் துளைகள் இருந்தன. குப்பியை மேசையில் வைத்து, ஆத்மா உள்ளே நுழைந்துவிடாதபடி துளைகளின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பொத்திக்கொண்டாள். மறுகையால் அக்காவோடு வேலை செய்த யஸ்னாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா போயிட்டா. உடனே வா. வந்து இதை எடுத்துட்டுப் போ."

பெரியம்மா குப்பியைப் பார்த்தாள். அக்கா கிடந்த அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பக் கையை எடுத்துடாதடி," என்றாள்.

ரொட்டியும் மெழுகுவத்தியும் கொண்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். நோல்ஃபா மேசையை விட்டு நகரவில்லை. உள்ளங்கைக்கு அடியில் ஏதோ முட்டுவதுபோல் இருந்தது. தன் நாடியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கண்கள் வீங்கிப்போய் வந்த யஸ்னா, குப்பியைப் பஞ்சுப் பெட்டிக்குள் இறக்கி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது போன் அடித்தது.

"தண்ணி இருக்கு, நோல்ஃபா!" யஸ்னாவின் குரல் உடைந்தது. "கொஞ்சம் தள்ளி நின்னு, லேசாப் பிடிச்சிருக்கு. உங்கக்கா சொன்னதுதான் சரி."

உள்ளங்கைக்கு அடியில் முட்டியது நோல்ஃபாவுக்கு நினைவு வந்தது. கல்லுக்குள்ளேயும் ஈரம்.

"தண்ணி... இருக்கா?"

"இருக்கு."

"கல்லு இப்ப எங்க இருக்கு?"

"மெஷினுக்குள்ள. ஊசி முனையில."

"அதுக்குக் கதவு உண்டா?"

"உண்டு. மூடித்தான் இருக்கு."

"வேலை முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு."

"அப்பக் கொஞ்சம் திறந்து வையேன்."

தாழ் விலகும் சத்தம் போனில் கேட்டது. அப்புறம் காற்றின் மெல்லிய சீறல். இருவரும் போனை வைக்காமல் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

உங்கள் வீட்டில் வருகிறவர்கள் சிரித்து வரட்டும், போகிறவர்கள் தடையில்லாமல் போகட்டும். நடுவில் இருக்கிற நீங்கள் எல்லாரும் நன்றாக இருங்கள், கண்ணுகளா.