அமிலத்தில் தோய்த்த தகடு

டைட்டானியத்துக்கும் காந்தத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதன் தோலுக்கடியில் கார்பன் அயனிகளை வேகமாகப் பாய்ச்சிப் புதைத்தால் உறவு பிறக்கும் என்பது பேராசிரியரின் கணிப்பு. அதை மெய்ப்பித்தால் அவரது ஆய்வு மாணவியான அவளுக்கு முனைவர் பட்டம். பாய்ச்சி முடித்த தகட்டைக் காந்தமானியில் வைத்தபோது காந்தம் உண்டு என்று காட்டும் அழகான வளைவு திரையில் எழுந்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கருத்தரங்கில் காட்டச் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் ஆய்வகத்தில் மாமா வேறொரு தகட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எந்த மாணவருக்கும் அவர் உறவில்லை. பட்டம் வாங்காமலே அங்கே நரைத்துவிட்டவர் என்பதால் வந்த பெயர். அவர் கையிலிருந்தது எஃகு இடுக்கி.

"மாமா, பிளாஸ்டிக் இடுக்கி எங்க?"

"அது உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. இது என்ன, கடிக்கவா போகுது?"

"என் தகட்டையும் இதாலதான் எடுத்தீங்களா?"

"பின்ன, வாயாலயா எடுப்பேன்?"

கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ஒன்று உரசி ஒட்டினாலே போதும், அதே வளைவு வந்துவிடும். கார்பன் இருப்பது உள்ளே, இரும்பு மேலே. நீர்த்த அமிலத்தில் தோய்த்தால் இரும்பு மட்டும் போகும்.

அவள் அழைத்துச் சொன்னதும் ஆய்வகத்துக்கு வந்த பேராசிரியர் கையை உதறினார். "இருக்கறது ஒரே தகடு. நாளைக்கு முடியட்டும், அப்புறம் கழுவிக்கலாம்."

"அப்புறம் முகத்துல பூசின கரியைத்தான் சார் கழுவணும்."

அவர் அறையைத் தாண்டுவதற்குள் அவள் தகட்டைத் தோய்த்துவிட்டாள். மறுபடி அளந்தாள். திரையில் வளைவு இல்லை. படுத்துக் கிடந்தது ஒரு கோடு.

"என்னை நாலு போடும்மா," என்றார் மாமா.

"போட்டா வளைவு திரும்ப வருமா? நகருங்க."

பேராசிரியர் திரும்பி வந்து கோட்டைப் பார்த்தார். "பழைய படத்தையே காட்டு. இல்லன்னா உன் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதுவரைக்கும் உதவித்தொகைக்கு நான் பொறுப்பில்ல."

"போகட்டும் சார்."

"என் பேரும் கெடும்."

"அந்த வளைவைக் காட்டினா மொத்தமா கெடும்."

மறுநாள் அவள் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டாள். முதலாவது இரும்பு, இரண்டாவது உண்மை என்றாள். முன்வரிசையில் பேராசிரியர் கைப்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப உங்க கண்டுபிடிப்புதான் என்ன?"

"கார்பன் உள்ளே போச்சு. காந்தம் வரல. இதுவரைக்கும் அவ்வளவுதான். அடுத்த கேள்வி?"