இரண்டு மிஸ்டு கால்

தன் நிரலைச் சோதிக்க அருள்குமார் எழுதிய யூனிட் டெஸ்ட் எதுவும் தோற்றதே கிடையாது. எப்படித் தோற்கும்? ப்ரீபெய்டு போனில் காசு கழிக்கும் நிரலை முதலில் எழுதுவான். அதை ஓடவிட்டு என்ன விடை வருகிறதோ அதையே சரியான விடை என்று டெஸ்ட்டில் எழுதிவைப்பான். பிறகு டெஸ்ட்டை ஓட்டினால் திரை முழுக்கப் பச்சை, எல்லாமே பாஸ். கேள்வித்தாளும் அவனே, விடைத்தாளும் அவனே, திருத்துகிற வாத்தியாரும் அவனே. மார்க்குக்கு என்ன குறைச்சல்?

"தச்சவங்களையே செக்கிங் டேபிள்ல உக்கார வச்சா, ஊருல ஓட்டை பனியனே இருக்காதுன்னு எங்கப்பா சொல்லுவாங்க" என்றாள் வேல்விழி. அவன் வேலை பார்த்த சாப்ட்வேர் ஆபீசில் டெஸ்டர் அவள்தான். அப்பா இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் ஆனவர். அவள் சொன்னதற்கு அருள்குமார் சிரித்துவைத்தான். அவள் எதைச் சொன்னாலும் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. விஷயம் அந்த அளவுக்கு முற்றிப் போயிருந்தது.

அது 2006. போன் கம்பெனிக்காரர்கள் வெள்ளோட்டத்துக்காக ஆபீசில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிம் கொடுத்திருந்தார்கள். அதில் காசு கழிப்பது அருள்குமாரின் நிரல். தன் சிம்மில் ஒரு நிமிடக் காசு மட்டும் மிஞ்ச, மற்றதையெல்லாம் அவன் வேல்விழியிடமே பேசித் தீர்த்தான்.

சனிக்கிழமை அவள் முகம் சரியில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், மறுநாள் சாயங்காலம் பதில் கேட்க வருகிறார்களாம்.

"உங்க அம்மாட்ட நாளைக்காவது பேசுங்க. வீடு நிறைய ஆளு இருக்கும், என்னால போன எடுக்க முடியாது. சரின்னு சொன்னாங்கன்னா ரெண்டு மிஸ்டு கால் விடுங்க. ஒண்ணோட நின்னா, ஒத்துக்கலன்னு நெனச்சுக்கிடுதேன். அப்புறம் எங்கப்பா சொல்லுத மாப்பிள்ளைதான்."

ஞாயிற்றுக்கிழமை அருள்குமார் சொந்த ஊரான குன்னத்தூரில் இருந்தான். அம்மா மருதாள் எருமைக்குத் தண்ணீர் காட்டினாள், கூடவே போனான். தீவனம் வைத்தாள், கூடவே நின்றான். வாய்தான் திறக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

"ஏங்கண்ணு, இதைச் சொல்லத்தான் காத்தால இருந்து எருமை பொறகால சுத்திட்டிருந்தயா? புடிச்சிருந்தா கட்டிக்க சாமி. அந்தப் புள்ளய ஊட்டுக்குக் கூட்டியா" என்றாள் மருதாள்.

அவ்வளவுதான், பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி, ஒரு மிஸ்டு கால் விட்டான். மணி அடித்ததும் துண்டித்தான். இரண்டாவது முறை அழுத்தினால், போதிய இருப்பு இல்லை என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

ஒரு நிமிடத்துக்கான காசு இருந்ததே, எங்கே போயிற்று? அவனேதான் தின்றிருந்தான். ஒரு நிமிடத்துக்குக் குறைந்த அழைப்பை முழு நிமிடமாக எடுத்துக்கொள் என்று எழுதியது அவன் கை. பேசாமல் துண்டித்த அழைப்பும் ஒரு நிமிடத்துக்குக் குறைந்ததுதானே? அரை நிமிடப் பேச்சுக்கு டெஸ்ட் எழுதியிருந்தான், நள்ளிரவைத் தாண்டும் பேச்சுக்கும் எழுதியிருந்தான். மிஸ்டு காலுக்கு எழுதவில்லை. அதை ஓர் அழைப்பாக அவன் நினைத்ததே இல்லை. திருப்பூரில் யார்தான் நினைத்தார்கள்? ஷிப்ட் முடிந்தது, பஸ் ஏறியாயிற்று, சாப்பாடு கொண்டு வா எல்லாமே மிஸ்டு கால்தான். செருமிக் காட்டுவது மாதிரி. செருமலுக்கு யாராவது காசு பிடிப்பார்களா?

அங்கே அவள் போனில் ஒன்றோடு நின்றிருக்கும். மளிகைக் கடை ஒரு ரூபாய் போனுக்கு ஓடினான். தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால் விட்டு என்ன பிரயோஜனம்? துண்டிக்காமல் காத்திருந்தான்.

"யாரு பேசுதது?" ஆண் குரல். இசக்கிமுத்து.

போட்ட ஒரு ரூபாய்க்கு ஒரு நிமிடத்தில் லைன் அறுந்துவிடும். எருமையைச் சுற்ற நேரமில்லை.

"வேல்விழி ஆபீஸ்ல அருள்குமாருங்க. உங்க பொண்ணைக் கட்டிக்கோணும்னு ஆசைப்படறேனுங்க. எங்கம்மா சரின்னுட்டாங்க. சரின்னா ரெண்டு மிஸ்டு காலு விடறதாப் பேச்சுங்க, இப்ப ஒத்தையா நின்னது நான் எழுதுன பில்லிங்ல தப்புங்க. அதை நம்ப வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் இசக்கிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குத்தான் இவ தூத்துக்குடிக்கே சரின்னு சொல்லிருங்கன்னு நிக்காளா? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. வந்தவங்க காப்பி குடிச்சிட்டு இருக்காங்க, நான் பேச்ச இழுக்கேன். தம்பி, நீங்க வாசல்ல மணி அடிச்சிட்டு ஓடிராம, உள்ள வந்து பேசுங்க." போன் கை மாறியது.

"பேசாத காலுக்குக் காசு பிடிச்சீங்களா?" வேல்விழி மூக்கை உறிஞ்சினாள்.

"ஆமாங்க."

"இனிமே உங்களுக்கு டெஸ்ட் நான்தான் எழுதுவேன். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

லைன் அறுந்தது. அவள் குரலில் அழுகையும் இருந்தது, கோபமும் இருந்தது. அருள்குமாருக்கு அது போதும். எருமைக் கொட்டகையைப் பார்த்து, அம்மாவைச் சேலை மாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினான்.