ஸ்வெட்டர் பச்சை

பி பேனலில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. பக்கத்திலேயே ஏ பேனலில் அதே அம்மா, அதே வாசற்படியில், அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் நின்றிருந்தாள். பூதக்கண்ணாடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பூதக்கண்ணாடி என்பது அவளுடைய பெயரல்ல. டேப்லெட் திரைகளைச் சோதிக்கும் அந்த இருட்டறையில் பதினோரு வருடமாக வழங்கிவரும் பட்டம். இருபது லட்சம் புள்ளிகள் உள்ள திரையில் ஒரே ஒரு புள்ளி செத்திருந்தாலும் மூன்றடி தள்ளி நின்று விரலை வைத்துக் காட்டிவிடுவாள் என்பதால் வந்தது. அவசரத்துக்குச் சிலர் அதைச் சுருக்கிப் 'பூதம்' என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

வெளியே மத்தியானம் இரண்டு மணி வெயில். உள்ளே சுவர், கூரை, மேசை எல்லாம் கறுப்பு. உள்ளே வருகிறவர்களும் வாசலில் தொங்கும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். வெள்ளைச் சட்டையோடு வந்தால் அது கண்ணாடியில் பிரதிபலித்து அளவையே கெடுத்துவிடும். பேனல்களை அரைமணி நேரம் எரியவிட்டுச் சூடேறிய பிறகுதான் மீட்டரை வைப்பார்கள். திரையில் ஒன்பது இடங்களில் வெளிச்சம் ஒரே அளவாக இருக்கிறதா, கறுப்புப் படம் போட்டால் மூலைகளில் பின்னொளி கசிகிறதா, கேட்ட சிவப்புக்கும் வந்த சிவப்புக்கும் எவ்வளவு தூரம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இன்றைக்கு ஏ, பி என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மீட்டர் சந்தேகமே இல்லாமல் பேசிவிட்டது. பி-யின் நிறங்கள் நூல் பிசகவில்லை, பின்னொளி பாய் விரித்ததுபோல் சமமாக இருந்தது. ஏ நீலத்தின் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்திருந்தது. கீழ் மூலைகள் இரண்டிலும் பனி மூட்டம் மாதிரி வெளிச்சம் கசிந்தது.

ஆனால் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. 'கண் தீர்ப்பு' என்று பெயர். மீட்டருக்கு எண்தான் தெரியும், மனிதர்கள் எண்ணையா பார்க்கப்போகிறார்கள் என்று எப்போதோ யாரோ சேர்த்துவைத்த கட்டம் அது. அதை நிரப்ப ஒவ்வொருவரும் ஒரு சொந்தப் படம் வைத்திருந்தார்கள். தனக்கு மனப்பாடமான ஒரு படம்; அது திரையில் உள்ளபடி தெரிந்தால் திரை சரி. மேலாளரிடம் அவர் வளர்த்துச் செத்துப்போன தங்கமீன். பேனல்களுக்குப் பின்னால் விளக்குப் பட்டைகளையும் பரப்புத் தாள்களையும் பொருத்துகிற பின்னொளிக்காரரிடம் அவருடைய கல்யாணப் போட்டோ. "எம் மூஞ்சி கறுப்பா தெரிஞ்சா பேனல் நேர்மையானது. செவப்பா காட்டுச்சுன்னா பொய் சொல்லுது, திருப்பி அனுப்பிடு" என்பார். பூதக்கண்ணாடியிடம் அம்மா.

அம்மா இறந்துபோனபோது அவளுக்கு ஐந்து வயது. அப்புறம் சித்தி வீட்டில் வளர்ந்தாள். அண்ணன் அப்பாவோடு இருந்துவிட்டான். அம்மாவின் குரல் அவளுக்கு ஞாபகமில்லை. முகம்கூட போட்டோவிலிருந்து கற்றுக்கொண்ட முகம்தான். சொந்தமாக மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: கண்ணோடு ஒட்டினாற்போல் ஒரு பச்சை. முகத்தைப் புதைத்துக்கொண்டால் மூக்கில் குறுகுறுக்கும் கம்பளிப் பச்சை, மழை விட்டதும் இலையில் நிற்கிற பச்சை. இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம் அண்ணன் அந்த ஒரே போட்டோவை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினான். ஸ்வெட்டர் அதில் அழுக்கு ரோஜா நிறத்தில் வெளுத்துக்கிடந்தது. அலுவலகம் கழித்துக்கட்டிய ஒரு பழைய டேப்லெட்டை வைத்துக்கொண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, நிறத்தை ஒவ்வொரு பொட்டாக ஏற்றி இறக்கி, கடைசியில் அந்தப் பச்சையைப் பிடித்துவிட்டாள். பிடித்த அன்று டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அதிலிருந்து அதுதான் அவளுடைய சொந்தப் படம்.

ஆகவே கண் தீர்ப்புக் கட்டத்தில் 'ஏ' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் மேலாளர் படிவத்தோடு திரும்பி வந்தார்.

"மீட்டர் பி-ங்குது, நீங்க ஏ-ங்கிறீங்க. உங்க கண்ண நான் சந்தேகப்படலம்மா. ஆனா காரணம்னு ஒரு வரி எழுதணும்ல? ரெண்டு லட்சம் டேப்லெட்ல போகப்போற பேனல். மூணு மணிக்கு அனுப்பியாகணும்."

"பி மஞ்சளடிக்குது சார்."

"மீட்டர் அப்படிச் சொல்லலியே."

"மீட்டருக்கு என்ன சார் தெரியும்?" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. மேலாளர் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'என் அம்மா இப்படி இல்லை' என்று அலுவலகப் படிவத்தில் எழுதமுடியுமா?

எல்லாவற்றையும் மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பின்னொளிக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு அம்மாக்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் கல்யாணப் போட்டோவை இரண்டிலும் போட்டார். பி-யில் அவர் நல்ல கறுப்பாக, திருதிருவென்று விழித்துக்கொண்டு, இருபது வருடத்துக்கு முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். ஏ-யில் கொஞ்சம் நீலம் பூத்திருந்தார்.

"பூதம், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. அந்தப் படத்த நீ எதுல வச்சு சரி பண்ணின?"

"பழைய டேப்லெட்ல. உங்களுக்குத்தான் தெரியுமே, பக்கத்துக் கட்டடத்துலேர்ந்து கழிச்சுப் போட்டாங்களே, அதுல."

"கழிச்சது எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இருந்ததை இத்தனை வருடமும் எங்கே வைத்திருந்தாள் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பேனல் நீலம் கக்கும். பின்னொளி நாலா பக்கமும் கசிந்து கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். அதனால்தான் அதைக் கழித்தார்கள். அதை வைத்துக்கொண்டுதான் அவள் நாலு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சரிசெய்திருக்கிறாள். திரை கக்கிய நீலத்தை ஈடுகட்ட மஞ்சளை ஏற்றியிருக்கிறாள். சாம்பலாகத் தெரிந்த இருட்டைக் கறுப்பாக்க அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறாள். கோணல் கண்ணாடியில் நேராகத் தெரியவேண்டும் என்று படத்தைக் கோணலாக்கிவிட்டாள். அப்புறம் வந்த ஒவ்வொரு பேனலையும் அந்தப் படத்தை வைத்தே எடைபோட்டிருக்கிறாள். சேர்ந்து ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம் இது: அளக்காத திரையில் எதையும் திருத்தாதே. பாடத்தை அடுத்து வந்தவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

"நீ பாஸ் பண்ணின பேனல் எல்லாமே ஒரு சொட்டு நீலமா, குளிர்ச்சியாத்தான் இருக்கும். நான் அத உன் ருசின்னு நெனச்சேன்" என்றார் பின்னொளிக்காரர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

"அப்ப பச்சை?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "எந்தப் பச்சை?"

"ஒண்ணுமில்ல."

வேலையில் தப்பு நேர்ந்தால் ஒப்புக்கொண்டு திருத்திவிடலாம்; அவளுக்கு அந்த வீம்பெல்லாம் கிடையாது. ஆனால் அந்தப் பச்சை அவளுடைய ஞாபகமா, பாழாய்ப்போன ஒரு பேனல் காட்டிய வித்தையா? அம்மாவிடமிருந்து கையில் இருந்த ஒரே காசும் செல்லாது என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நடைபாதைக்கு வந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எப்போது கூப்பிட்டாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்தான் கேட்கும்.

"என்ன குட்டி, இந்த நேரத்துல? எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கோம். அண்ணா, அம்மா ஸ்வெட்டர் என்ன கலர்?"

"எந்த ஸ்வெட்டர்?"

"அம்மாகிட்ட பத்து ஸ்வெட்டரா இருந்துச்சு? போட்டோல போட்டிருக்கறதுதான்."

"அடிப்பாவி, இதக் கேக்கவா கூப்பிட்ட? நான் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்."

"சொல்லேன்."

எங்கேயோ இரும்பு தட்டும் சத்தம் கேட்டு நின்றது. அண்ணன் நிஜமாகவே யோசிக்கிறான் என்று தெரிந்தது. "பச்சையோ, பழுப்போ... தெரியலம்மா. கலரெல்லாம் நான் எங்க பார்த்தேன்."

"பச்சைதானே?"

"நீ பச்சைன்னா பச்சைன்னு வச்சுக்க."

"நான் சொன்னா செல்லாது. உனக்குத் தெரியணும்." பன்னிரண்டு வயது வரை அம்மாவைப் பார்த்த கண்ணுக்கு ஒரு நிறம்கூடவா மிஞ்சாது என்று அண்ணன்மேல் மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எனக்கு அந்த ஸ்வெட்டர்ல ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. நீ புடிச்சு இழுத்து இழுத்து அது ஒரு பக்கமா தொங்கிப்போச்சு. அம்மா சமையக்கட்டுக்குப் போனா நீ பின்னாடியே, கொல்லைக்குப் போனா பின்னாடியே. வால்னுதானே உனக்குப் பேரு. அந்த போட்டோ எடுத்தப்பகூட முன்னாடி வாடி, வாடின்னு கத்தினேன். நீ வரவே இல்லியே. அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ஒரே அழுகை."

"போட்டோ நீயா எடுத்த?"

"பின்ன? பக்கத்து வீட்டு கேமராவ கெஞ்சி வாங்கி எடுத்தது. அதுவும் கடைசி பிலிம்."

"நான் அந்த போட்டோல இல்லையே."

"இருக்கியேடி."

"இல்ல, அம்மா மட்டும்தான்."

"கை தெரியும். வலது பக்கம், கதவு நெழல்ல. பிரிண்ட்ல நல்லாவே தெரியும். வீடு மாத்துனப்ப தண்ணி பட்டு அது வீணாப்போச்சு, இல்லேன்னா காட்டுவேன். ஏன், நீ பார்த்ததே இல்லியா?"

அவள் போனை வைத்துவிட்டாள். மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் எதைப் பார்த்தாலும் பார்த்தது கணக்கில்லை. ஐந்து நிமிஷம் அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கறுப்புச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னொளிக்காரர் தன் வேலையை நிறுத்திவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் பழைய மெயிலைத் தேடி, அண்ணன் அனுப்பியதை அனுப்பியபடியே பி-யில் திறந்தாள். வெளுத்த ரோஜா ஸ்வெட்டர். அம்மாவின் முகத்தில் மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்ல வாயெடுத்ததுபோல் நின்றாள். அண்ணனிடம்தான் ஏதோ சொல்லியிருப்பாள். பூதக்கண்ணாடி படத்தை வலது பக்கம் நகர்த்திப் பெரிதாக்கினாள். கதவு நிழல். அவள் திருத்திய படத்தில் அது தார் பூசியதுபோல் ஒரே கறுப்பு. இதில் முதலில் கதவின் மரக்கோடுகள் தெரிந்தன. அப்புறம் ஒரு கீல். ஸ்வெட்டரின் ஓரம் அந்தப் பக்கம் மட்டும் கூம்பாக இழுபட்டிருந்தது. காற்றில் பறக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கூம்பின் நுனியில் கம்பளி சுருங்கியிருந்த இடத்தில், நிழலைவிட ஒரு பொட்டு மட்டுமே வெளுப்பாக, ஒன்று, இரண்டு, மூன்று விரல்கள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நாலு.

ஏ-யில் அதே படத்தைப் போட்டார் பின்னொளிக்காரர். அந்த இடத்தில் வெளிச்சம் கசிந்து வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

"யாரும்மா அது?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவு திறந்தது. மேலாளரின் குரல். "மணி மூணாச்சு. காரணம் எழுதிட்டீங்களா? விளக்கப் போடட்டுமா?"

"போடாதீங்க சார்" என்றாள் அவள். "ஒரு நிமிஷம், விளக்கு மட்டும் போடாதீங்க."

பி-யில் படத்தின் வெளிச்சத்தை ஒரு படி ஏற்றினாள். விரல்களில் நகங்கள் தெரிந்தன. சுண்டுவிரல் நகத்தில் அழுக்கு. அம்மாவின் இடது கை இவ்வளவு நாளும் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ போயிருந்தது. அது இப்போது இருட்டிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெளியே வந்து, அந்தச் சின்ன விரல்களைப் பிரித்துவிடுவதற்காகவோ அப்படியே பிடித்துக்கொள்வதற்காகவோ, அவற்றின் மேல் போய்க்கொண்டிருந்தது.