சமன் செய்யக் கூடாத நிலம்

எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான். நிலத்தைத் தொடக் கூடாது. கிடக்கிற கல்லை எடுத்து ஓரமாகப் போடுவதுகூடக் குற்றம். விதியைப் போட்டவன் நான். அதை மீறச் சொல்லிக் கேட்டது என் அக்கா.

மாதிரி விமானங்கள் பறக்கவிடும் சங்கம் அது. பெயர்தான் சங்கம், மொத்தம் நாலே பேர். பேக்கரிக்காரர் ஒருவர், வாரம் பூராவும் விடியுமுன் எழுந்து பழகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமையும் தூக்கம் வராதவர். கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர். ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் அவருக்குப் பெரிய முள் என்று பெயர். பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கும் நான். பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கும் அக்கா. கோபம் எனக்கு, கைத்திறன் அவளுக்கு என்று பிறந்தபோதே பாகம் பிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வானம் இலவசம். தரைதான் கிடைக்காது. மின்கம்பி இருக்கக் கூடாது, மரம் இருக்கக் கூடாது, பக்கத்தில் வீடு இருக்கக் கூடாது, நிலத்துச் சொந்தக்காரர் முறைக்கக் கூடாது. இத்தனைக்கும் பொருந்துகிற இடத்தைத் தேடி நான் பைக்கில் அலைந்ததைப் பார்த்து, "ராஜ்யம் பிடிக்கப் போயிருக்காரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தாள்.

பிடிக்கவும் செய்தோம், மூன்று முறை. முதல் நிலம் நூல் ஆலைக்குப் பின்னால் குப்பை மேடாகக் கிடந்தது. புதர் வெட்டினோம், குழி தூர்த்தோம், ரோலர் இழுத்தோம். பந்தை உருட்டிவிட்டால் நேராகப் போகும், அப்படி ஆக்கினோம். அப்புறம் அது லாரி நிறுத்தும் இடமாகிவிட்டது. இரண்டாவது நிலத்திலும் அதே பாடுபட்டோம், அங்கே கிடங்கு வந்தது. நம் நேரம் சரியில்லை என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். மூன்றாவது நிலத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு தரகர் யாரையோ கூட்டிக்கொண்டு வந்து எங்கள் ஓடுபாதையில் நடந்தார். "மண்ணடிக்கிற செலவே இல்ல சார், அப்படியே கட்டடம் எழுப்பலாம்" என்றார். கையில் ரிமோட்டோடு நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் எங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. யாருக்கும் வேண்டாத நிலமாகப் பார்த்துப் பிடித்து, எல்லோரும் ஆசைப்படும்படி ஆக்கி, நாங்களே தாரை வார்த்துக்கொண்டிருந்தோம். சொந்தச் செலவில் சூனியம் என்றால் இதுதான்.

நான்காவதாகக் கிடைத்தது நின்றுபோன செங்கல் சூளையின் நிலம். உடைந்த செங்கல், முள், மண் தோண்டிய பள்ளங்கள். "அங்க பாம்புகூடப் போகாதே, உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் சூளை முதலாளி. "சும்மா விளையாடத்தான் சார்" என்றேன். சிரித்துவிட்டு, விளையாடிக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கே விதியைப் போட்டேன்.

அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தோம். தடம் விழக் கூடாதென்று வண்டிகளை ரோட்டிலேயே நிறுத்தினோம். ஒற்றையடிப் பாதை உண்டாகிவிடக் கூடாதென்று வாரா வாரம் வேறு வேறு பக்கமாக நடந்தோம். காற்றின் திசை பார்க்கக் கொடி கட்டவில்லை, ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தோம். பேக்கரிக்காரர் தன் பழைய அடுப்பை இடித்த செங்கலை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நடுவில் கொட்டினார். "இந்தப் பக்கம் கொஞ்சம் அழகாத் தெரிய ஆரம்பிச்சுது" என்றார். நிலம் எங்களிடம் நின்றது. வருஷங்கள் போயின, ஒரு தரகர் எட்டிப் பார்க்கவில்லை.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. ஓடுபாதை இல்லாத இடத்தில் தெர்மாகோல் விமானத்தைத்தான் பறக்கவிடலாம். கையால் வீசி ஏற்றி, புல்லிலோ புதரிலோ வயிறு பட இறக்கலாம். சக்கரம் வைத்த கனமான விமானத்தை அங்கே நினைத்தும் பார்க்க முடியாது. அக்காவின் அறையில் அப்படி ஒன்று இருந்தது.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள், மாடியறையில். அந்த விமானம், எடையில்லாத மரத்தை இழைத்து, குச்சி குச்சியாக ஒட்டி, மேலே துணி போர்த்தி, மஞ்சள் அடித்து அவளே கட்டியது. இறக்கையைப் பூட்டினால் கட்டிலைவிட நீளம். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் என் மனைவி. "அறையில பாதிய அடைச்சுக்கிட்டு ஒரு வேலையும் செய்யாம உக்காந்திருக்கு. நாமதான் தூசி தட்டி மரியாதை பண்ணணும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்றாள். கல்யாணமே ஆகாத அக்கா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் தர்மசங்கடமாக இருந்தது.

மாலையில் லேபிலிருந்து வந்ததும் அக்கா அந்த விமானத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ரிமோட்டைத் தட்டி, வாலை இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பாள். இறக்கை மடல்களை ஏற்றி இறக்குவாள். எல்லாம் சரியாக வேலை செய்யும். பிறகு அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூப்பிடப் போன நான் கதவருகே நின்று அதைப் பார்த்துவிட்டு, சாப்பிட வா என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளை நிலத்தில் அவளுடைய தெர்மாகோல் விமானம் எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. "எங்கடா போச்சு?" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். "உன் தலைக்கு மேலதான்" என்றேன். அவள் அண்ணாந்து அங்கும் இங்கும் தேடினாள். வானத்தில் வேறு ஒரு காக்காகூட இல்லை. நான் கைநீட்டிக் காட்டுவதற்குள் அது மூக்குக் குப்புற வந்து செங்கலில் விழுந்தது. எங்களில் அதுவரை விமானத்தைக் கீழே போடாதவள் அக்கா ஒருத்திதான். பெரிய முள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் முதுகிடம் சொன்னாள்.

"கண்ணுல பிரஷராம். ஓரமெல்லாம் போயிடுச்சு. நேரா பாக்குறது மட்டும்தான் தெரியுது, குழாய்க்குள்ள பாக்குற மாதிரி. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து குடுத்திருக்காங்க."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ரிமோட்டை வாங்கி உள்ள வச்சிடுவ."

வாங்கித்தான் வைத்திருப்பேன்.

"மாப்பிள்ளைய ஏத்தணும்டா" என்றாள். "அது பெருசு, மஞ்சளா இருக்கு. அதை என் கண்ணால புடிச்சு வச்சுக்க முடியும். இன்னும் கொஞ்ச நாள் போனா அதுவும் முடியாது."

"ஓடுபாதைக்கு எங்க போறது?"

"நம்ம நிலத்துலயே நீளவாக்குல ஒரு பட்டை மட்டும் சுத்தம் பண்ணினாப் போதும்."

நான் வண்டியின் வேகத்தைக் கூட்டியதும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று நாயாக அலைந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு பக்கமும் விளக்குக் கம்பம். ஆள் நடமாட்டமில்லாத ரோடு எதைப் பார்த்தாலும் கூடவே மின்கம்பி ஓடுகிறது. அடுத்த ஊர்ச் சங்கத்தில் வெளியாள் விமானத்தை ஏற்ற விடமாட்டார்களாம். போனில் பேசியவரின் குரலைக் கேட்டால், அவர்களும் இன்னொரு நிலத்துக்காரருக்குப் பயந்துதான் பறக்கிறார்கள் என்று புரிந்தது. அக்காவுக்காக அலைந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நிலத்துக்காக. வாரம் பூராவும் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, முகத்துக்கு நேரே கிரீஸும் இரும்பும் பார்க்கிறவன் நான். மேலே பார்த்தால் வானம் தெரிகிற ஒரே இடம் அதுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் பேக்கரியின் பின்கட்டில் மற்ற இருவரிடமும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர்கள் மாட்டேன் என்று சொன்னால் பழி என் தலையில் விழாது. அந்த எண்ணம்தான்.

"விதி என்னன்னு உங்களுக்குத் தெரியும்" என்று முடித்தேன்.

"எவ்வளவு நாளைக்கு இருக்குமாம், கண்ணு?" என்று கேட்டார் பெரிய முள்.

"டாக்டராலயே சொல்ல முடியல."

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட ரெண்டு மம்பட்டி இருக்கு" என்றார்.

"நிலம் போயிடும்யா" என்று நான் குரலை உயர்த்தினேன். கடையில் பன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போகட்டும்னு நான் சொல்லல. மம்பட்டி இருக்குன்னுதான் சொன்னேன்."

ரோட்டுப் பக்கத்து முட்புதரை மட்டும் மறைப்புக்கு விட்டுவிட்டு, உள்ளே வேலையைத் தொடங்கினோம். பேக்கரிக்காரர் தான் கொட்டிய செங்கலைத் தானே அள்ளினார். "கொட்டும்போது முதுகு வலிக்கல" என்று முனகினார். அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, நாங்கள் விட்டுவிட்ட சின்னச் சில்லுகளைக் கையால் தடவித் தடவி எடுத்தாள். ஓரத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் நான் போனேன். என் ஜென்மப் புத்தி விடவில்லை. பெரிய முள் நிரப்பிய ஒரு குழி மேடு தட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் மம்பட்டியை வாங்கினேன். அடுத்த வாரம் டிப்போவிலிருந்து ரோலரும் கொண்டுவந்தேன். எல்லாம் முடிந்த அன்று நால்வரும் ஒரு கோடியில் நின்று பார்த்தோம். எந்தத் தரகர் பார்த்தாலும் விடமாட்டார். அவ்வளவு அழகாக இருந்தது அந்தத் தரை.

பறக்கவிட்ட அன்று காலையில் காற்று நேராக முகத்துக்கு வந்தது. நான் அக்காவின் தோளை ஒட்டி நின்றேன். அவள் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தையெல்லாம் பார்த்துச் சொல்வது என் வேலை. பெரிய முள் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஒதுங்கினார். மாப்பிள்ளை உருண்டது, வாலைத் தூக்கியது, இடதுபக்கம் இழுக்கப் பார்த்தது. அக்கா பெருவிரலால் லேசாகத் திருத்தினாள். சக்கரம் தரையை விட்டதைச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். உருளும் சத்தம் நின்று எஞ்சின் சத்தம் மட்டும் மேலே போனது.

"உயரம் சரி, இப்ப வலதுபக்கம்" என்றேன்.

"பேசாத" என்றாள். "என் கண்ணுல இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருஷம் அந்த மாடியறையில் அணைத்து வைத்திருந்த ஆசை முழுக்க அந்த முகத்தில் வந்து நின்றது. நானும் அண்ணாந்து பார்த்தேன். மஞ்சள் இறக்கையில் வெயில் பட்டு, அது சாய்ந்து திரும்பியது.

அப்போதுதான் ஓடுபாதையின் மறுகோடியில் கார் வந்து நின்றது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சூளை முதலாளியும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் இறங்கி, நடுப்பாதையில் நடந்து வந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே இப்படி ஒன்று போகிறது, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து தரையைப் பார்க்கிறார். போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அக்காவை விட்டு நகர முடியாது. பேக்கரிக்காரருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் ஓடிப்போய்க் கைகூப்பி இருவரையும் ஓரமாக்கினார்.

"காணோம்டா" என்றாள் அக்கா. குரல் உடைந்தது.

"பயப்படாத. இடதுபக்கம் பாரு. இன்னும் கொஞ்சம் மேல. இன்னும்."

அவள் தலை மெல்லத் திரும்பியது. "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று மூச்சை விட்டாள்.

எஞ்சினைக் குறைத்துக் குறைத்து, புதருக்கு மேலே தவழவிட்டு, பாதையின் நட்டநடுவில் இறக்கினாள். துள்ளக்கூட இல்லை. எங்கள் முன்னால் வந்து நின்ற பிறகும் எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. பெரிய முள் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார்.

"பேக்கரிக்காரரு ஓடுற சத்தம் கேட்டுது. யாரு வந்தது?" என்றாள் அக்கா.

"முதலாளி. கூட ஒருத்தரு."

"நடந்து பாக்குறாரா?"

"எட்டு வச்சு அளக்குறாரு."

நிலம் போனதற்கு என்னிடம் வருத்தம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பரவாயில்லை அக்கா என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்குப் போதலடா" என்றாள். "ஒரு வாட்டி ஏத்திட்டா ஆசை தீந்திடும்னு இருந்தேன். தீரல."

கோபம் வரும் என்று காத்துப் பார்த்தேன். வரவில்லை. எனக்கும் போதவில்லை என்பது அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

முதலாளி தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "இவ்வளவு நல்ல நிலமா இது? எனக்கே தெரியாமப் போச்சே" என்றார்.

"தெரியாமலே இருந்திருக்கலாம் சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடியும் பாதையில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் நடந்து போனேன்.

"கொஞ்சம் ஓரமா நின்னுக்குங்க சார்" என்றேன். "அக்கா மறுபடி ஏத்தப் போறாங்க."