பெரியம்மாவுக்கு அங்கே என்ன பேர்

"ம்மா..."

உள் அறையிலிருந்து ஜென்சி கூப்பிட்டதும், இடிகல்லில் இடித்துக்கொண்டிருந்த மாசிக்கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கையைக்கூடக் கழுவவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்து, செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் என் அக்கா ஜோசலின், ஜெர்மனியில் அவள் வீட்டுச் சமையலறையில், கம்பளிச் சட்டையும் கையில் காபிக் கோப்பையுமாக. "உன்ன இல்லம்மா, பெரிம்மாவக் கூப்பிட்டேன்" என்றாள் என் மகள், தலையைத் திருப்பாமல். அக்கா அங்கிருந்து எனக்குக் கையாட்டினாள். நானும் மீன் நாற்றமடிக்கிற கையை ஆட்டினேன். சமையலறைக்குத் திரும்பி, மிச்ச மாசியைத் தேவைக்கு மேலேயே இடித்தேன். பெரியம்மா எப்போது பெரிம்மா ஆனாள், பெரிம்மா எப்போது ம்மா ஆனாள்? நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து என் மகள் வாயில் அந்த வார்த்தையின் முன்பாதி தேய்ந்துபோயிருந்தது.

மாலத்தீவு என்றால் தாம்பரத்தில் எல்லாரும் சினிமா நடிகைகள் போய் ஊஞ்சலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் இடம் என்றுதான் நினைக்கிறார்கள். நான் கணக்கு டீச்சராக இருந்தது அந்த மாலத்தீவில் இல்லை. படகில் தக்காளி வந்தால் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போகும் ஒரு குட்டித் தீவு அது. நாய் கிடையாது, ரயில் கிடையாது, மலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் முதல் வேலை நாள். இங்கே சர்ச்சில் இரண்டாவது மணி அடிக்கிற நேரத்தில் நான் அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருப்பேன். சாயந்தரமானால் தெருவில் பிள்ளைகள் "மம்மா, மம்மா" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடும். அவர்கள் பாஷையில் அம்மாவுக்கு அதுதான் பேர். முதல் வருஷம் ஒவ்வொரு குரலுக்கும் ஜன்னல்வரை போய்ப் பார்த்தேன். பிறகு ஜன்னலைச் சாத்தப் பழகிக்கொண்டேன்.

இந்தத் தடவை நான் விடுமுறைக்கு வரவில்லை. பிரின்ஸிபாலிடம் ராஜினாமா கொடுத்துவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டேன். "மனசு மாறுனா ஸ்கூல் திறக்கறதுக்குள்ள சொல்லுங்க மிஸ்" என்று அந்த மனிதர் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் லாசரஸுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். ஜென்சிக்குக் கிறிஸ்துமஸ் அன்று காலையில் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று விமானத்தில் வரும்போதே பலமுறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ ஒரேடியா வந்துட்டா அப்புறம் உன்ன விட்டு நான் எங்கயும் போகமாட்டேன்." சொன்னதைச் செய்கிற பெண் அவள். அதில் அவள் அப்பா மாதிரி.

இரண்டு நாள் கழித்து ஜோசலின் வந்து இறங்கினாள். அத்தான் ஆபேலுக்கு லீவு கிடைக்கவில்லையாம், மகன் ஜெபினுக்குப் பரீட்சையாம், இவள் மட்டும் வந்தாள். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க சோப்பும் சாக்லேட்டும் மணத்தது. போன வாரம் என் பெட்டியைத் திறந்தபோது சூரை மீன் டின்களும் மாசியும் மணத்ததற்கு ஜென்சி ஜன்னலைத் திறந்து வைத்தாள். இதற்கு ஜன்னலைச் சாத்தினாள், வாசனை வெளியே போய்விடக் கூடாதென்று. எனக்கு வயிறு எரிந்தது. கூடப்பிறந்தவள்தான், நான் படிக்கும்போது ராத்திரியெல்லாம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தவள்தான், இருந்தாலும் எரிந்தது. அவள் புருஷன் ஜெர்மனியில் கார் செய்கிறான். என் புருஷன் திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், எந்தக் காருக்கென்று அவருக்கே தெரியாத போல்ட்டு செய்கிறார்.

மத்தியானம் சாப்பாட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். மாசிச் சம்பல் யார் கையும் படாமல் நடுவில் இருந்தது. லாசரஸ் மட்டும் எனக்காக இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். "அங்க சண்டேல ஒரு ஆணி அடிக்க முடியாது" என்றாள் ஜோசலின். "பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தட்டிடுவாங்க. அவ்ளோ அமைதி." எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை, இவளுக்கு ஆணிகூட அடிக்காத ஞாயிற்றுக்கிழமை. "குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும், அழுகையா வரும்" என்றாள். அந்த இருட்டைக்கூட ஜென்சி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஸ்னோ எப்படிப் பெரிம்மா இருக்கும், டிரெயின்ல சத்தமா பேசினா முறைப்பாங்களாமே, நைட்டு தனியா நடந்து வரலாமா? கேள்வி கேட்டு மாளவில்லை. நானும் விடவில்லை. என் தீவில் கடல் தரை தெரிகிற மாதிரி இருக்கும், மழைக்காலத்தில் அலை பள்ளிக்கூடச் சுவர்வரைக்கும் வரும் என்றேன். "ஆமாம்மா, போட்டோ அனுப்பிச்சியே" என்றாள். என் தீவை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். என் மகள் அதைவிடச் சீக்கிரம் சுற்றி முடித்துவிட்டாள்.

அப்போதுதான் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோசலின் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: ஜென்சி ஒரு வருஷமாக ஜெர்மன் படிக்கிறாள், பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாள், அக்கா இருக்கிற ஊர் ஆஸ்பத்திரியிலேயே நர்சிங் படிக்க இடம் சொல்லியிருக்கிறார்கள், விசா இண்டர்வியூ மட்டும்தான் பாக்கி. "உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வெயிட் பண்ணோம் சீலி." எனக்கு 'வெயிட் பண்ணோம்' என்பதில் இருந்த அந்த 'ஓம்'தான் காதில் நின்றது. ஜென்சி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சரின்னாதாம்மா" என்றாள் மெதுவாக. நான் எழுந்து போய் ரசத்தைச் சூடு பண்ணினேன். அது ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

லாசரஸ் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசாத மனிதர். "நீ ஒரேடியா வந்துட்டேன்னு சொல்லிடு" என்றார். "சொன்னா அவ போகமாட்டா."

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

ஒரு வார்த்தை போதும், என் மகள் எனக்கு. ஜோசலின் அந்தப் பெட்டியைக் காலியாக இழுத்துக்கொண்டு விமானம் ஏறுவதைக் கற்பனை செய்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சாயந்தரம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்ந்து போனது. முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஜோசலின் மேலே வந்து, கேட்காமலே கிளிப்புகளைக் கழற்றித் தர ஆரம்பித்தாள்.

"கிச்சன்ல ரைஸ் குக்கரப் பாத்தேன்" என்றாள். "அங்க வெச்சிருந்ததுதானே? லீவுக்கு வர்றவ யாராவது குக்கரத் தூக்கிட்டு வருவாளா?"

அவளிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

"இப்ப சொல்லாதடி. இண்டர்வியூ முடியட்டும். சொன்னா அவ இங்கயே உக்காந்துடுவா."

"என் பொண்ணுகிட்ட நான் எப்ப எத பேசணும்னு நீ சொல்றியா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாடு இருக்கு, வீடு இருக்கு, புருஷன் பக்கத்துலயே இருக்காரு. உனக்குன்னு ஒரு பையனும் இருக்கான். இன்னும் என்னதான்க்கா வேணும் உனக்கு? எங்கிட்ட இருந்தது அவ ஒருத்திதான்."

அவள் கையிலிருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "ஜெபின் என்ன எப்படிக் கூப்பிடுவான்னு தெரியுமா உனக்கு? மாமான்னு. அங்க பிள்ளைங்க அம்மாவ அப்படித்தான் கூப்பிடும். எனக்குப் புரியுது. ஆனா இத்தன வருஷமாச்சு, ஒவ்வொரு தடவையும் யாரோ ஆம்பளையக் கூப்பிடுறான்னு திரும்பிப் பாக்குறேன் சீலி. இவ போன்ல 'ம்மா'ங்குறப்ப..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் கையிலிருந்த துணிகளையும் வாங்கிக்கொண்டு கீழே போனாள். ஜென்சியின் துண்டு மட்டும் காயவில்லை. அதைக் கீழே பின்கட்டுக் கொடியில் போடலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்பதற்காக மகளைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தவள் நான். இன்றைக்கே சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் படியிறங்கினேன்.

கூடத்தில் ஜென்சி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு இண்டர்வியூவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசலின் சோபாவில் துணி மடிக்க உட்கார்ந்திருந்தாள். லாசரஸ் பேப்பரை விரித்து வைத்திருந்தார். நான் பின்கட்டுக் கொடியில் துண்டைப் போட்டுவிட்டு வந்து அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாங்கள் இருந்த இடத்திலிருந்து கொடி நேராகத் தெரியும். ஜென்சி தப்பில்லாமல் கடகடவென்று பேசினாள். என் வயிற்றில் பிறந்தது இப்படியொரு பாஷை பேசுமா என்று, எரிச்சலுக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது.

"மைனெ முட்டர் இஸ்ட் லேரெரின்" என்றாள். "ஸீ ஆர்பைட்டெட் ஔஃப் ஐனர் இன்ஸெல்."

"அது என்னடி, முட்ற மாதிரி?" என்றேன்.

"முட்டர்னா அம்மா. என் அம்மா ஒரு டீச்சர். அவங்க ஒரு தீவுல வேல பாக்குறாங்க. ஃபேமிலியப் பத்தி கட்டாயம் கேப்பாங்களாம்."

"அப்ப பெரியம்மாவுக்கு அங்க என்ன பேரு?"

ஜென்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அதக் கேக்காத. நான் பெரிய அம்மாதானேன்னு 'குரோஸ் முட்டர்'னு எழுதிட்டுப் போயிட்டேன். மிஸ் கிளாஸ் முழுக்கப் படிச்சுக் காட்டுறாங்க, 'என் பாட்டி என்னை ஜெர்மனிக்குக் கூப்பிடுகிறார்'னு. அங்க பெரிய அம்மான்னா பாட்டியாம்." லாசரஸ்கூடப் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

"அப்ப என்னதான் சொல்லணும்?"

"டான்ட்டெ. நம்ம ஆன்ட்டி மாதிரிதான். அப்பாவோட அக்கா, அம்மாவோட அக்கா, மாமி, சித்தி, எல்லாரும் டான்ட்டெ. முட்டர் ஒருத்தங்கதான்."

ஜோசலின் மடித்த நைட்டியை மறுபடி பிரித்து மடித்தாள். தலை நிமிரவில்லை. எனக்குள்ளே ஒரு சந்தோஷம் ஏறியது. நல்ல சந்தோஷம் இல்லை. இத்தனை பெரிய நாடு, இத்தனை தொழிற்சாலை, ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லாம் வைத்திருக்கிற நாடு, பெரியம்மாவுக்கென்று ஒரு அம்மாவை வைத்திருக்கவில்லை. அங்கே போனால் என் மகள் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் யார் கேட்டாலும் இவளை ஆன்ட்டி என்றுதான் சொல்லியாக வேண்டும். கேட்கிற ஒவ்வொருவரிடமும், முட்டர் ஒரு தீவில் இருக்கிறாள் என்று சொல்லியாக வேண்டும்.

"இதுல எதாவது மாத்தணுமாம்மா?" என்று ஜென்சி கேட்டாள். "நீ அங்கதானே இருப்ப?"

லாசரஸ் பேப்பரைக் கீழே இறக்கினார். ஜோசலின் கை நின்றது. சமையலறை வாசல் வழியாக ரைஸ் குக்கர் எனக்கு நேராகத் தெரிந்தது.

"எதையும் மாத்தாத" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

"தேங்க்ஸ்ம்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முட்டிவிட்டு, குளிக்க ஓடினாள். லாசரஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார். பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு எலக்ட்ரிக் ரயில் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் நின்றது.

"ம்மா... துண்டு."

ஜோசலின் சட்டென்று எழுந்தாள். பாதியில் என்னைப் பார்த்தாள். நைட்டியை மடியில் அழுத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். நானும் நாற்காலிக் கையைப் பிடித்தபடி எழாமல் இருந்தேன்.

"ம்மா" என்று மறுபடியும் குரல் வந்தது. பின்கட்டுக் கொடியில் அந்த ஈரத்துண்டு, எடுக்க ஆளில்லாமல், காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.